மாற்றுத்திறனாளிகள் பணியாற்றும் அலுவலகத்துக்கு எந்த நிலவரைபட மென்பொருள்?

கியூஜிஐஎஸ் என்ற நிலவரைபட மென்பொருளைத் திறந்து, ஒரு மாவட்டத்தின் ஏரிகள் அடங்கிய தரவு அடுக்கை ஏற்றி, திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலாகப் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை இயக்கிவிட்டு வரைபடப் பரப்புக்குள் சென்றால், அந்த ஏரிகளில் ஒன்றின் பெயர்கூடக் காதில் விழாது. ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் அதே கோப்பைத் திறந்தாலும் நிலைமை இதுவே. மெனு, பொத்தான், உரைப்பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் தன் பெயரையும் வகையையும் நிலையையும் இயங்குதளத்துக்கு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைத்தான் திரைவாசிப்பான் படித்துச் சொல்கிறது. வரைபடப் பரப்போ, அதில் ஆயிரம் ஏரிகள் இருந்தாலும், ஒரே ஓவியமாகத் தீட்டப்படுகிறது. அந்த ஓவியத்துக்குள் தனித்தனிப் பொருள்கள் இருப்பது இயங்குதளத்துக்குத் தெரியாது. எனவே திரைவாசிப்பானுக்கும் தெரியாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் 'எந்த மென்பொருள் அணுகத்தக்கது' என்ற கேள்வியோடு தொடங்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் மெனுக்களையும் பொத்தான்களையும் எண்ணிப் பார்த்து முடிந்துவிடுகின்றன. பார்வையற்ற ஒருவர் நாள் முழுவதும் அந்த மென்பொருளோடு வேலை செய்ய வேண்டுமென்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வரைபடத்தைப் பாராமலே அதனிடம் கேள்வி கேட்டு, எழுத்தாகவோ எண்ணாகவோ விடை பெற எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன? கை நடுக்கம் உள்ளவருக்கும் நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்கும் இந்தக் கேள்வியின் வடிவம் மாறும். ஆனாலும், வேலையை வைத்துத்தான் மென்பொருளை அளக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் பொருந்தும்.

நீர்நிலைகளின் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கும் சிறு குழுவில் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. தரவுகளைச் சரிபார்க்கும் தோழர் பார்வையற்றவர். ஏரி எல்லைகளை வரையும் தோழிக்கு மூளை முடக்குவாதத்தால் வலக்கை நடுங்கும். இவர்களை மனத்தில் வைத்துத்தான் நான் மூன்று வழிகளை ஒப்பிட்டேன்: எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் புரோ, தன்னார்வலர்கள் உருவாக்கும் கட்டற்ற மென்பொருளான கியூஜிஐஎஸ், மூன்றாவதாகச் சாளரமும் சொடுக்கலும் இல்லாமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் இயங்கும் கிராஸ், ஜிடால், ஆர், பைத்தான் முதலிய கருவிகளின் கூட்டம். பல அலுவலகங்களில் பழகிப்போன ஆர்க்மேப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை. 2026 மார்ச் 1 அன்று அதற்கு ஓய்வு கொடுப்பதாக எஸ்ரியே அறிவித்துவிட்ட நிலையில், புதிதாக ஒருவரை அதில் பழக்குவது அவருடைய உழைப்பை வீணாக்குவதாகும்.

முதலில் பார்வையற்றவரின் வேலை. ஆர்க்ஜிஐஎஸ் புரோ 2015இல் வெளிவந்தபோது மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் என்ற அடித்தளத்தின்மேல் புதிதாகக் கட்டப்பட்டது. அந்த அடித்தளத்திலேயே விண்டோஸின் அணுகல் இடைமுகத்துக்குத் தகவல் தரும் ஏற்பாடு இருப்பதால், இதன் மெனுக்களும் உரையாடல் பெட்டிகளும் திரைவாசிப்பானோடு ஓரளவு நன்றாகவே பேசுகின்றன. மேல்பகுதியில் கட்டளைகள் அடங்கிய பட்டையான ரிப்பனை ஆல்ட் விசையை அழுத்தித் திறந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எழுத்துகள் தோன்றும். மைக்ரோசாஃப்ட் வேர்டு, எக்செல் ஆகியவற்றை விசைப்பலகையால் இயக்கிப் பழகியவருக்கு இந்த முறை புதிதன்று. கட்டளையின் பெயரைத் தட்டித் தேடும் பெட்டியும் உண்டு. ஆல்ட்டோடு கியூ விசையை அழுத்தினால் அது திறக்கும். ரிப்பனின் எந்தத் தாவலில் எந்தக் கருவி ஒளிந்திருக்கிறது என்பதைப் பாராமல் நினைவில் வைத்திருப்பது பெருஞ்சுமை என்பதால், இந்தத் தேடல் பெட்டி ஒன்றே பாதி வேலையை எளிதாக்கிவிடுகிறது.

கியூஜிஐஎஸ் கியூட்டி என்ற நூலகத்தின்மேல் கட்டப்பட்டது. கியூட்டியும் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் அந்தந்த இயங்குதளத்தின் அணுகல் இடைமுகத்தோடு இணைகிறது, 5.11 பதிப்பிலிருந்து விண்டோஸில் இந்த இணைப்பு புதிய முறைக்கு மாறியது. ஆகவே மெனுக்கள் ஒழுங்காகப் படிக்கப்படுகின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கருவிப்பட்டையில் வரிசையாக நிற்கும் சின்னங்களை டேப் விசையால் எட்ட முடிவதில்லை. அதே கட்டளைகளை மெனு வழியாகவோ குறுக்குவிசை வழியாகவோதான் பிடிக்க வேண்டும். பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பலகங்களுக்கு இடையே தாவுவதும் தடுமாற்றமானது: அடுக்குப் பலகத்தில் இருந்த விசைப்பலகைக் குவியம் எங்கே போயிற்று என்று தேடுவதிலேயே நேரம் கழியும். அடுக்கின் தோற்றத்தை மாற்றும் பெட்டியில், நிறச்சரிவுப் பொத்தான்கள் போன்ற தனித் தயாரிப்பான உறுப்புகள் பலவற்றுக்குத் திரைவாசிப்பான் சொல்லும் பெயரைக் கொண்டு எதையும் ஊகிக்க இயலாது.

இந்தத் தடைகளில் பெரும்பகுதியைக் கடக்க உதவும் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். கண்ட்ரோலோடு கே விசையை அழுத்தினால் கியூஜிஐஎஸ்ஸின் இடங்காட்டிப் பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலத்தின் முதலெழுத்தான ஏ என்பதைத் தட்டி இடைவெளி விட்டால் பகுப்பாய்வுக் கருவிகளையும், எல் என்று தொடங்கினால் அடுக்குகளையும், எஃப் என்று தொடங்கினால் நடப்பு அடுக்கில் உள்ள பொருள்களையும் தேடலாம். ஒரு புள்ளியை முன்னால் இட்டால் மெனுக் கட்டளைகள் வரும். ஆர்க்ஜிஐஎஸ்ஸின் தேடல் பெட்டி கட்டளைகளைத் தேடித் தருவது. இதுவோ கட்டளைகளோடு தரவுக்குள்ளும் இறங்கித் தேடுகிறது. ஓர் ஏரியின் பெயரைத் தட்டி அந்த ஏரிக்கே போய்ச் சேரலாம் என்பது, பார்வையுள்ளவர் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கும் செயலுக்கு நேரான ஒரு செயல்.

இனி வரைபடத்திடம் கேள்வி கேட்பதற்கு வருவோம். ஒவ்வொரு பொருளின் விவரங்களையும் வரிவரியாகக் காட்டும் பண்பு அட்டவணை இரு மென்பொருள்களிலும் உண்டு. எஃப்6 விசையை அழுத்தினால் கியூஜிஐஎஸ்ஸில் அது திறக்கும். ஆனால் அட்டவணையில் ஏரியின் பெயரும் பரப்பும் இருக்குமேயன்றி, எந்த ஏரி எதற்கு வடக்கே இருக்கிறது, எந்த வாய்க்கால் எந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது என்பது இருக்காது. கண்ணுள்ளவர் ஒரு நொடியில் வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்வது இந்த உறவுகளைத்தான். வாய்பாடுகளை எழுத உதவும் கியூஜிஐஎஸ்ஸின் கோவைமொழி இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவைத் தரும் சார்பும், ஒன்றிலிருந்து மற்றொன்று எந்தத் திசையில் உள்ளது என்பதைக் கோணமாகத் தரும் சார்பும், ஒரு பொருளுக்கு மிக அருகில் உள்ள வேற்று அடுக்குப் பொருளைக் கண்டுபிடித்துத் தரும் சார்பும் அதில் உள்ளன. இவற்றை இணைத்து, அட்டவணையின் பத்திகளைக் கணக்கிட்டு நிரப்பும் புலக்கணிப்பானில் ஒரு வாய்பாடு எழுதினால், ஒவ்வோர் ஊரின் வரியிலும் 'அருகிலுள்ள ஏரி வடகிழக்கே 3.2 கிலோமீட்டர்' என்பது போன்ற முழு வாக்கியமே ஒரு புதிய பத்தியாக வந்து நிற்கும். திசைக்கோணம் ரேடியனில் வரும் என்பதால் அதை முதலில் பாகைக்கு மாற்றி, பிறகு எட்டுத் திசைகளில் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். அதை ஒருமுறை எழுதிவைத்தால் போதும். எங்கள் தோழர் இந்தப் பத்தியைத் தொலைவின்படி வரிசைப்படுத்திப் படித்தபோதுதான், ஒரு குளம் தவறான வட்டத்தில் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார். வரைபடத்தை அதுவரை பலமுறை பார்த்திருந்த நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

ஆர்க்ஜிஐஎஸ் புரோவிலும் இதே விடைகளைப் பெறலாம். அருகாமையைக் கணக்கிடும் கருவி தொலைவையும் கோணத்தையும் அட்டவணையிலேயே எழுதித் தரும். ஆர்க்பை என்ற பைத்தான் நூலகத்தால் எல்லாவற்றையும் நிரலாக எழுதலாம். ஆனால் அந்த நூலகம் மென்பொருளின் உரிமத்தோடு கட்டுண்டது. அலுவலகக் கணினியில் உரிமம் இருந்து வீட்டுக் கணினியில் இல்லையென்றால், பார்வையற்ற பணியாளர் வீட்டில் பொறுமையாகப் பழகிப் பார்க்க இயலாது. அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது இந்தப் பழகும் நேரமே. ஒரு பெட்டியில் எத்தனை முறை டேப் அழுத்தினால் எந்த உறுப்பு வரும் என்பதைக் கைவிரல் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. என்விடிஏ இலவசமாகக் கிடைப்பதும் கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைப்பதும் சேரும்போது, அலுவலகத்தில் உள்ள அதே அமைப்பை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். விலையை நான் கணக்கில் எடுப்பது முதன்மையாக இந்தக் காரணத்துக்காகவே.

மூன்றாவது வழியான கட்டளை வரியைப் பற்றிப் பேசும்போது பலர் அதை நிரலாளர்களின் தனிச்சொத்தாகக் கருதி ஒதுங்கிவிடுகிறார்கள். பார்வையற்றவருக்கு அது மூன்று வழிகளிலும் நேரானது என்பதே என் முடிவு. கிராஸ் 1982இல் அமெரிக்கப் படையின் பொறியாளர் பிரிவுக்குரிய கட்டுமான ஆய்வுக்கூடத்தில் தொடங்கப்பட்டது. இன்றுள்ள சாளரங்களும் சின்னங்களும் பரவலாகாத காலத்தில் பிறந்ததால், அதன் ஒவ்வொரு செயலும் ஒரு கட்டளைச் சொல்லாகவே அமைந்தது. சாளரங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. ஓர் அடுக்கின் எல்லைகள் எவை, அதில் எத்தனை பொருள்கள், ஒவ்வொரு நிலப்பயன்பாட்டு வகைக்கும் எத்தனை எக்டேர் என்று கேட்டால், கிராஸ் எழுத்தாலான அறிக்கையைத் தருகிறது. 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய ஜிடால் கருவித்தொகுப்பும் அப்படித்தான்: ஓர் அடுக்கில் உள்ள புலங்கள், அதன் ஆயத்தொலை முறை, பரப்பெல்லை ஆகிய அனைத்தையும் ஒரே கட்டளையில் எழுத்தாகத் தந்துவிடும். இங்கே பார்வையற்றவருக்கும் பார்வையுள்ளவருக்கும் கிடைப்பது ஒரே உரை. ஒருவருக்கு முழுமையாகவும் மற்றவருக்குக் குறையாகவும் கிடைக்கும் ஒன்றல்ல அது.

இதிலும் இடர்கள் உண்டு. நீண்ட கணக்கீடு நடக்கும்போது கிராஸ் தன் முன்னேற்றத்தை விழுக்காடாகத் திரையில் மாற்றி மாற்றி எழுதும். திரைவாசிப்பான் அதை ஐந்து, பத்து, பதினைந்து என்று ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். இடையில் வரும் பிழைச்செய்தி அந்த இரைச்சலில் தொலைந்துபோகும். கட்டளையின் முடிவில் அமைதிக் குறியைச் சேர்த்துவிட்டால் இது நின்றுவிடும். ஜிடாலிலும் அத்தகைய குறி உண்டு. கட்டளைகளில் புள்ளி, சமக்குறி, சாய்கோடு ஒவ்வொன்றுக்கும் பொருள் இருப்பதால், என்விடிஏவில் நிறுத்தற்குறிகளைப் படிக்கும் அளவையும் உயர்த்தி வைக்க வேண்டும். என்விடிஏ விசையோடு பி விசையை அழுத்தி அதை மாற்றலாம். அகலமான அட்டவணையைக் கட்டளைத் திரையில் கேட்பது பயனற்ற வேலை. அதை சிஎஸ்வி கோப்பாக எழுதி எக்செல்லில் திறந்து, கட்டம் கட்டமாகப் படிப்பதே தக்கது.

கியூஜிஐஎஸ் இந்த மூன்றாவது வழியோடு உறவு கொண்டிருப்பது அதற்குக் கூடுதல் மதிப்பைத் தருகிறது. 2020இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து, அதன் பகுப்பாய்வுக் கருவிகளைச் சாளரம் எதையும் திறக்காமல் கட்டளை வரியிலிருந்தே இயக்கலாம். ஒவ்வொரு கருவியும் என்னென்ன உள்ளீடுகளைக் கேட்கிறது என்பதையும் எழுத்தாகக் கேட்டுப் பெறலாம். ஆகவே ஒருவர் கட்டளையில் செய்ததை மற்றவர் சாளரத்தில் திறந்து தொடரலாம். நாங்கள் இறுதியில் கியூஜிஐஎஸ் பக்கம் சாய்ந்ததற்கு இது முதன்மையான காரணம். பார்வையற்ற தோழர் தனியொரு மென்பொருளில் ஒதுங்கிவிடாமல், மற்றவர்கள் திறக்கும் அதே கோப்பில் தன் வழியில் வேலை செய்கிறார்.

புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் மொழியைப் பற்றியும் ஒரு சொல். நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கும் ஜோனதன் காட்ஃப்ரி பார்வையற்றவர். அவர் உருவாக்கிய பிரெய்ல்ஆர் என்ற தொகுப்பு, வரையப்பட்ட விளக்கப்படத்தை அதன் அச்சுகள், அளவுகள், பட்டைகள் என்று எழுத்தில் விவரித்துச் சொல்லும். நிலவரைபடங்களுக்கு அது முழுத் தீர்வு தருவதில்லை. ஆனால், படத்தை உருவாக்கும் நிரலே அதன் விளக்கத்தையும் உருவாக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் நிலவரைபட மென்பொருள்களுக்குள் வந்து சேர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. மென்பொருளின் மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அட்டவணையில் ஊர்ப்பெயர்கள் தமிழில் இருக்கும். ஆங்கிலக் குரல் மட்டும் இயங்கினால் ஊர்ப்பெயர்கள் பெயர்களாகக் கேட்பதில்லை. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறியில் தமிழ்க் குரல் உண்டு. அதைத் தேர்ந்துகொண்டால் ஊர்ப்பெயர்களைத் தமிழாகவே கேட்கலாம். அதன் ஒலி இயந்திரத்தனமானதுதான். வேகமாகக் கேட்டுப் பழகியவர்கள் அதையே விரும்புவதையும் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய சிக்கல் கோப்பு வடிவத்தில் இருக்கிறது. நிலவரைபடத் தரவைச் சேமிக்கும் பழைய வடிவமான ஷேப் கோப்பில் புலத்தின் (அட்டவணைப் பத்தியின்) பெயர் பத்து பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது. யூனிகோடு யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் என்பதால், உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து மூன்று குறிகளோடு பெயர் அறுந்துவிடும். குறியீட்டு முறையைச் சொல்லும் துணைக்கோப்பு தொலைந்துவிட்டால் ஊர்ப்பெயர்கள் அனைத்தும் சிதைந்த எழுத்துகளாகிவிடும். கண்ணுள்ளவர் வரைபடத்தில் இடத்தைப் பார்த்து ஊரை ஊகித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த அட்டவணையே பாழாகிவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்துக்கு மாறுவது எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் முதல்நாளே செய்ய வேண்டிய வேலை. கியூஜிஐஎஸ் 3ஆம் பதிப்பிலிருந்து அதையே இயல்பான வடிவமாகக் கொண்டிருக்கிறது. ஆர்க்ஜிஐஎஸ் புரோவும் அதைத் திறக்கும்.

பார்வையற்றவரால் இன்றுள்ள எந்த வழியிலும் செய்ய இயலாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஏரியின் கரையைத் தொட்டு வரைவதும், பழைய காகித வரைபடத்தை ஆயத்தொலைகளோடு பொருத்துவதும் அவற்றில் முதன்மையானவை. இவற்றை ஒருவர்மேல் சுமத்திவிட்டு மென்பொருளைக் குறைகூறுவது முறையன்று. வேலையைப் பகிரும்போதே இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். மாறாக, எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா, வடிவங்களில் பிழை உள்ளதா என்று சோதிக்கும் கருவிகள் தம் முடிவுகளைப் பட்டியலாகவே தருவதால், சரிபார்ப்பு வேலை முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கலாம்.

கை நடுக்கம் உள்ள தோழியின் வேலை, மேலே சொன்ன அந்த வரையும் வேலையேதான். இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தபோது, பொத்தானை அழுத்திப் பிடித்து இழுத்துச் செய்யும் செயல் எதற்கும் இழுக்காமல் செய்யும் மாற்றுவழி இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தது. இணையப் பக்கங்களுக்காக எழுதப்பட்ட விதிதான். ஆனால் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. கியூஜிஐஎஸ்ஸின் முனைக் கருவி இந்த அளவுகோலில் தேறுகிறது: கோடு திரும்பும் புள்ளிகளான முனைகளில் ஒன்றை நகர்த்த, அதை ஒருமுறை சொடுக்கி எடுத்து, வேண்டிய இடத்தில் மறுமுறை சொடுக்கி வைத்தால் போதும், இடையில் விரலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதில்லை. நடுங்கும் கைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் முனைகளைத் திருத்துவது இழுத்து விடும் முறையிலேயே அமைந்திருக்கிறது. எனினும் முனைகளின் ஆயத்தொலைகளைப் பட்டியலாகத் திறந்து எண்களை மாற்றும் வழி இரண்டிலும் இருக்கிறது.

கியூஜிஐஎஸ்ஸின் மேம்பட்ட வரைதல் பலகத்தைத் திறந்து வைத்தால், டி விசையை அழுத்தித் தொலைவையும், ஏ விசையை அழுத்திக் கோணத்தையும், எக்ஸ், ஒய் விசைகளை அழுத்தி ஆயத்தொலைகளையும் எண்ணாகத் தட்டலாம். நிலஅளவைப் புத்தகத்திலிருந்து எல்லைகளைப் பதிவதற்கு இதைவிடத் துல்லியமான முறை யாருக்குமே இல்லை. மாற்றுத்திறனாளிக்கென்று தேடிப் பிடித்த வசதி அனைவருக்கும் சிறந்த வசதியாக அமைவதை இங்கே காணலாம். ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் எஃப்6 விசை ஆயத்தொலை தட்டும் பெட்டியைத் திறக்கும். எஃப்2 வரைவை முடித்துவைக்கும். இந்த இடத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம்.

சிறு அமைப்புகள் சிலவற்றை மாற்றுவதால் கிடைக்கும் பயனையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு பொருளைச் சொடுக்கி விவரம் கேட்கும்போது, சொடுக்கிய இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு வரை கியூஜிஐஎஸ் தேடும் என்பது மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதையும், வரையும்போது குறி அருகிலுள்ள முனையில் தானாக ஒட்டிக்கொள்ளும் எல்லையையும் கூட்டிவைத்தால், குறி சற்றுத் தவறினாலும் வேண்டிய ஏரியே தேர்வாகும். சின்னங்களைப் பெரிதாக்கலாம், தேவையற்ற கருவிப்பட்டைகளையும் மெனுக்களையும் மறைத்துவிடலாம், எல்லாக் கட்டளைகளுக்கும் குறுக்குவிசைகளை மாற்றி அமைக்கலாம். இவை அனைத்தும் பயனர் சுயவிவரம் என்ற ஒரே கோப்புறையில் சேமிக்கப்படுவதால், கணினி மாறினாலும் அதைப் படியெடுத்துக்கொண்டு போய்விடலாம். கவனச்சிதறலோ கற்றல் குறைபாடோ உள்ளவருக்குப் பத்தே கட்டளைகள் உள்ள எளிய திரையை அமைத்துத் தருவதும் இந்த வழியில்தான்.

குறைந்த பார்வை உள்ளவர்களுக்காக இரு மென்பொருள்களிலும் இருண்ட தோற்றம் உண்டு. கியூஜிஐஎஸ்ஸின் அடிப்பட்டையில் உள்ள உருப்பெருக்கி இதில் தனித்து நிற்கிறது: வரைபடத்தின் அளவுகோலை மாற்றாமல் கோடுகளையும் எழுத்துகளையும் மட்டும் பெரிதாக்கிக் காட்டும். விண்டோஸின் உருப்பெருக்கியைப் போலப் புள்ளிகள் சிதறுவதில்லை. நிறப்பார்வைக் குறைபாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் அதைப் போலிசெய்து காட்டுகின்றன, கியூஜிஐஎஸ்ஸில் காட்சி மெனுவின் முன்னோட்ட வகைகளாகவும், ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் காட்சித் தாவலின் அணுகல் பகுதியிலும். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. இருந்தும், வறண்ட ஏரிக்குச் சிவப்பும் நிறைந்த ஏரிக்குப் பச்சையும் தீட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. நிலவரைபட வல்லுநர் சிந்தியா புருவர் உருவாக்கிய நிறத்தொகுதிகளில் நிறக்குழப்பம் தராதவை இவையென்று தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. விரிடிஸ் என்ற நிறச்சரிவு வெளிர்மையாலேயே படிநிலையைக் காட்டுவதால் கறுப்பு வெள்ளை நகலிலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டும் கியூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்தே வருகின்றன. நிறத்தைத் தேர்வு செய்பவரே நிறம் பிரித்தறியாதவராக இருந்தால், நிறத்தின் குறியீட்டு எண்ணைத் தட்டி அமைத்துக்கொள்ள வழியுண்டு. காது கேளாதவர்களுக்கு மென்பொருளில் தடையில்லை. கற்றுத்தரும் காணொளிகளில் வசனவரி இல்லாததுதான் தடை. எழுத்தாலான கையேடு இரண்டுக்கும் விரிவாக உள்ளது.

அரசு அலுவலகங்கள் வாங்கும்போது வேறொரு கணக்கும் வரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. பணியாளருக்குத் தகுந்த வசதிகளைச் செய்துதர வேண்டிய கடமையையும் விதிக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் அணுகல்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 என்ற தரநிலையும் இருக்கிறது. இந்த இடத்தில் எஸ்ரிக்கு ஒரு வலிமை உண்டு: அமெரிக்க அரசு தான் வாங்கும் மென்பொருள்களின் அணுகல்தன்மையை அந்நாட்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆம் பிரிவின்படி கேட்பதால், அந்நிறுவனம் தன் மென்பொருள்களுக்கு அணுகல் இணக்க அறிக்கைகளை வெளியிடுகிறது. கோப்பில் சேர்க்க அது உதவும். ஆனால் அந்த அறிக்கையை விற்பவரே எழுதுகிறார் என்பதை மறக்கக் கூடாது. 'பகுதியளவு இணங்குகிறது' என்ற சொல்லைத் தாண்டி, குறிப்புகள் பத்தியில் எந்தப் பகுதி இணங்கவில்லை என்று எழுதியிருப்பதைப் படித்து, அந்தப் பகுதி நம் பணியாளரின் அன்றாட வேலைதானா என்று பார்க்க வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் பெயரில்லாத ஒரு பொத்தானைக் கண்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பிழையாகப் பதியலாம், திருத்தியும் அனுப்பலாம், நிரலாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். திருத்தம் அடுத்த பதிப்பில் உலகம் முழுவதற்கும் போய்ச் சேரும். தனியுடைமை மென்பொருளில் கேட்டுவிட்டுக் காத்திருக்க மட்டுமே முடியும்.

எங்கள் குழு கியூஜிஐஎஸ்ஸைப் பொதுக்களமாகவும், பார்வையற்ற தோழருக்குக் கட்டளை வரியை முதன்மை வழியாகவும் கொண்டது. இதே தேர்வை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்க்ஜிஐஎஸ் உரிமம் ஏற்கெனவே உள்ள பெரிய அலுவலகத்தில், ஜாஸ் திரைவாசிப்பானிலும் ரிப்பன் முறையிலும் ஊறிய ஒருவர், ஆயத்தக் கருவிகளை இயக்கி அறிக்கை எடுக்கும் வேலையை மட்டும் செய்கிறார் என்றால், அவரை அங்கிருந்து பெயர்த்து எடுக்க வேண்டியதில்லை. கட்டளை எழுத மனமில்லாதவரிடம் கட்டளை வரியைத் திணிப்பதும் தவறு. அவருக்கு ஆர்க்ஜிஐஎஸ்ஸின் உரையாடல் பெட்டிகள் கியூஜிஐஎஸ்ஸினுடையவற்றைவிட இன்று எளிதாகவே இருக்கும். மேக் கணினியோ லினக்ஸோ பயன்படுத்துபவருக்கு இந்த விவாதமே எழாது, ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸில் மட்டுமே இயங்கும்.

தேர்வு செய்யும் முன் நாங்கள் செய்த சோதனையை மட்டும் எல்லாரும் செய்து பார்க்கலாம். அந்த மென்பொருளை இயக்கப் போகிறவரிடமே ஐந்து வேலைகளைக் கொடுத்தோம்: ஓர் அடுக்கைத் திறந்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட ஏரிகளைத் தேர்ந்தெடுப்பது, ஒவ்வொன்றுக்கும் அருகிலுள்ள ஊரைக் கண்டறிவது, ஒரு தவறான பெயரைத் திருத்திச் சேமிப்பது, முடிவை அட்டவணையாக வெளியிடுவது. அருகில் அமர்ந்திருந்தவர்கள் கை நீட்டி உதவக் கூடாது என்பது மட்டுமே விதி. எந்த வேலையில் எத்தனை நிமிடம் ஆயிற்று, எங்கே அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று என்பதைக் குறித்துக்கொண்டோம். எங்கள் தோழர் நான்காவது வேலையில் கியூஜிஐஎஸ்ஸின் திருத்தப் பயன்முறை இயங்குகிறதா இல்லையா என்று தெரியாமல் இருமுறை நின்றார். அதற்காகவே ஒரு குறுக்குவிசையை அமைத்து, பயன்முறை மாறும்போது குரல் கேட்கும்படி பைத்தானில் சில வரிகள் எழுதிச் சேர்த்தோம். அடுத்த முறை அவர் யாரையும் கூப்பிடவில்லை.